மதினியின் பங்கு

மதினி சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் சமைத்து, ஒரே பாயில் உட்கார்ந்து இத்தனை வருஷம் இருந்துவிட்டு இப்படிச் சொன்னால் யார் நம்புவார்கள்? நானே எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன். கை வாயருகே போனது ஞாபகம் இருக்கிறது. வாய் அசைந்ததும் ஞாபகம் இருக்கிறது. ஆனால் ஒரு கோழிக்காலைக் கடித்து இழுத்தார், ஒரு மீன் தலையை உறிஞ்சினார் என்று ஒரு காட்சிகூட என்னிடம் இல்லை.

மதினி என்றால் என் கணவரின் மூத்த சகோதரி, அவருக்கு ராத்தா. கணவரை நான் பெயர் சொல்லிப் பழகவில்லை, 'இவர்' என்றுதான் சொல்வேன். ஆகவே இந்தக் கதையில் 'இவர்' என்று வந்தால் அது அந்த மனுசன்தான். மதினி இளவயதிலேயே புருஷனை இழந்தவர், பிள்ளை குட்டி இல்லை. மாம்புரியில் எங்கள் வீட்டுப் பின்னறையில் இருந்தார். விடிந்தால் வெங்காயத் தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போவார். நான் நுரைச்சோலையில் ஒரு மருந்துக்கடையில் நிற்கிறேன். இவருக்கு அனல்மின் நிலையத்தில் கொந்தராத்து வேலை.

எங்கள் ஆட்களுக்குக் கல்யாணம், இறந்தவருக்கு ஓதுகிற கத்தம், பெருநாள் என்றால் சஹன் வைக்க வேண்டும். பெரிய வட்டத் தட்டில் சோற்றைக் குவித்து, மேலே இறைச்சியை வைத்து, சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து ஒன்றாகக் கைபோட்டுத் தின்பது. அவரவர் முன்னால் இருக்கும் பக்கத்தைத்தான் தின்ன வேண்டும். இறைச்சி நடுவில் இருக்கும். யாராவது ஒருவர் அதைப் பிய்த்து ஆளாளுக்குத் தள்ளிவிட வேண்டும். பெண்கள் பக்கத்தில் எந்தச் சஹனில் உட்கார்ந்தாலும் அந்த ஒருவர் மதினிதான். வெங்காயம் ஆய்ந்து காய்ப்புப் பிடித்த அந்த விரல்கள் எலும்பில் இருந்து இறைச்சியைக் கழற்றுவதைப் பார்க்க வேண்டும். கொழுப்பு விரும்புகிறவளுக்குக் கொழுப்பு, பல் இல்லாத மாமிக்கு மெத்தென்ற துண்டு, பிள்ளை வயிற்றில் இருக்கிறவளுக்கு ஈரல். யார் யாருக்கு என்ன பிடிக்கும் என்பது அந்தக் கைக்குத் தெரியும். கடைசியில் தன் பக்கத்தில் நாலு எலும்பு கிடக்கும், அதையும் பூனைக்கு என்று எடுத்து வைப்பார்.

"மதினி, நீங்க என்ன மலக்கா? மலக்குமார்தான் சாப்பிடமாட்டாங்க எண்டு ஓதித் தந்தாங்க" என்பேன் நான். மலக்கு என்றால் வானவர். எனக்கு வாய் நீளம். பெண்கள் எல்லாரும் சிரிப்பார்கள்.

"எனக்கு ஒரு வாய் போதும் புள்ள. நீ தின்னு, சோறு ஆறுது" என்பார் மதினி. இதுதான் அவருடைய பேச்சு. இந்த ஒரு வசனத்தை வைத்துக்கொண்டே ஒரு மனுசி காலத்தைத் தள்ளிவிட்டார்.

சோற்றில் மட்டுமா? ஒரு பெருநாளைக்கு நான் ஆசைப்பட்டு அவருக்கு ஒரு அபாயா வாங்கிக் கொடுத்தேன், கையில் கறுப்புப் பூவேலை செய்தது. அடுத்த கிழமை கடைக்குப் போகும்போது பார்க்கிறேன், அந்த அபாயா ரோட்டில் நடந்து போகிறது, உள்ளே வேறு ஆள்! வீட்டுக்கு வந்து கத்தினேன். "அவட மகளுக்குப் பொண் பாக்க வாறாங்களாம் புள்ள, உடுக்க நல்லதா ஒண்டும் இல்லயாம்" என்றார். கொடுத்த எனக்குக் கோபம் வராதா? மூன்று நாள் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அவர் ஒன்றும் நடக்காத மாதிரி என் தேத்தண்ணீருக்குச் சீனி கூடப் போட்டுத் தந்தார்.

முழங்கால் வலிக்கு கிளினிக்கில் டைக்ளோபெனாக் குளிசை, அதாவது வலி மாத்திரை, எழுதிக் கொடுத்திருந்தார்கள். டொக்டர் எழுதிய துண்டைக் கொண்டுபோய் நான்தான் கடையில் எடுத்து வருவேன். மாதக் கணக்குக்குக் கொடுத்தது ஒரு கிழமைக்குள் முடிந்துவிடும். விசாரித்தால், தோட்டத்தில் குந்தியிருந்து வெங்காயம் பிடுங்குகிற பெண்களுக்கெல்லாம் ஆளுக்கொன்று கொடுத்திருக்கிறார்.

"இது என்ன டொபியா மதினி, பங்கு வைக்க? வலி எல்லாருக்கும் ஒண்டுதான், வயிறு ஒண்டில்ல. சும்மா போட்டா வயிறு ஓட்டையாப் போகும்."

"ஓம் புள்ள, ஓம் புள்ள" என்றார். அவருடைய 'ஓம்' எனக்குத் தெரியாதா? அது காதில் விழுந்தது என்பதற்கு அடையாளம், அவ்வளவுதான்.

இந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று இவரைக் கேட்டால் படகுக் கதையைச் சொல்வார். தொண்ணூறாம் ஆண்டு மன்னாரை விட்டு எங்கள் முஸ்லிம் ஆட்கள் எல்லாரையும் புலிகள் போகச் சொன்னபோது, உம்மாவோடு இவர்கள் இரண்டு பேரும் படகில் ஏறிக் கற்பிட்டிப் பக்கம் வந்து இறங்கினார்கள். மதினி அப்போது குமர்ப்பிள்ளை, இவர் சின்னப் பொடியன். படகில் யாரோ பிஸ்கட் பங்கு வைத்திருக்கிறார்கள். மதினி தன்னுடையதை இவர் வாயில் வைத்து, "எனக்குக் குமட்டுது தம்பி, நீ தின்னு" என்றாராம். இவரும் நம்பித் தின்றிருக்கிறார். "ராத்தாக்குக் கடல் ஒத்துக்காது எண்டுதான் கனகாலம் நினைச்சுக்கொண்டிருந்தன். அவ எங்கட வாப்பாவோட கடலுக்குப் போய் வலை இழுத்தவ எண்டு பிறகுதான் தெரியும்" என்பார். சொல்லும்போது சிரிப்பார், பிறகு மூக்கை உறிஞ்சுவார். அகதி முகாமில் பாணுக்கு வரிசையில் நின்றபோதும் இதே கதைதானாம். குமட்டுது, பசிக்கல்ல, இப்பத்தான் தின்னன். மூன்று பொய்யை மாற்றி மாற்றிச் சொல்லி ஒரு தம்பியை வளர்த்து ஆளாக்கினார்.

அதனால்தான் உண்மையாகவே குமட்டியபோது யாரும் நம்பவில்லை.

போன வருஷம் நோன்புக்கு முன்னமே தொடங்கியிருக்க வேண்டும். "எனக்குக் குமட்டுது புள்ள, நீங்க தின்னுங்க" என்று மீன்குழம்பைத் தள்ளிவைப்பார். இவர் என்னைப் பார்த்துக் கண்ணடிப்பார், "பார், படகுக் கதை தொடங்கிட்டுது" என்று. நாங்கள் சிரிப்போம், அவரும் சேர்ந்து சிரிப்பார். நோன்பு வந்தது. முப்பது நாளும் பிடித்தார், பெருநாள் கழிந்து ஆறு நோன்பும் பிடித்தார். உடம்பு இளைத்தது. பார்க்கிறவர்கள் எல்லாம், "மாஷா அல்லாஹ், நோன்பு பிடிச்ச முகம்" என்றார்கள். நோன்பு திறக்க வீட்டிலும் ஒரே சஹன்தான், உட்கார்ந்தால் தட்டு காலியாகித்தான் எழும்புவோம். எல்லாரும் கைபோட்ட தட்டில் யார் எவ்வளவு தின்றார் என்று எவருக்குத் தெரியும்? தனித்தனிக் கோப்பையில் தின்கிற வீடாக இருந்தால் மிச்சம் கிடந்து காட்டிக் கொடுத்திருக்கும். எங்கள் வீட்டில் மதினியின் பங்கு எப்போதும் அடுத்தவர் வயிற்றுக்குத்தான் போனது. அது புதிதா என்ன, நாங்கள் பார்த்துக் கவலைப்பட?

ஒரு நாள் வெங்காயப் பாத்தியிலேயே விழுந்துவிட்டார். அவரைத் தூக்கித் தண்ணீர் தெளித்து முச்சக்கரவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தது தலவிலப் பக்கத்து அக்கா ஒருவர். மீன்பிடிக்காரர் ஒருவரின் மனைவி, வேதக்கார மனுசி, தோட்டத்தில் மதினியோடு பக்கத்துப் பக்கத்துப் பாத்தியில் குந்துகிறவர். மலம் கறுப்பாகப் போவதை மதினி அந்த அக்காவிடம் மட்டும்தான் சொல்லியிருக்கிறார். என்னிடம் சொல்லவில்லை. நான் கத்துவேன் என்று பயமாம்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன், எனக்கு நீட்டத் தெம்பில்லை. வாய் வழியாகக் கமெரா விட்டுப் பார்த்தார்கள். இரைப்பையில் புற்று. ஈரலுக்கும் போய்விட்டது, வெட்டி எடுக்கிற கட்டம் தாண்டிவிட்டது என்றார்கள். மஹரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போய் மருந்து ஏற்றினோம். இரண்டாம் முறை ஏற்றியபிறகு எழும்பி நிற்க முடியவில்லை. உடம்பு தாங்காது, கொஞ்சம் தேறட்டும் பார்ப்போம் என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். வலிக்குக் குடிக்கிற மோர்பின் பாணி தந்தார்கள், இரத்தம் ஏற்றினார்கள். அந்த டைக்ளோபெனாக் மட்டும் இனிக் கையாலும் தொடக்கூடாது என்று டொக்டர் கண்டிப்பாகச் சொன்னார். வயிற்றில் ஏற்கெனவே இரத்தம் கசிகிறது, அது கசிவைக் கூட்டும்.

அன்றைக்கே வீட்டில் இருந்த மிச்சக் குளிசை எல்லாவற்றையும் பொறுக்கிக் கொண்டுபோய்க் கடையில் கொடுத்துவிட்டேன்.

அப்போதுதான் அந்த வீடியோ வந்தது. கட்டாரில் இருக்கிற சொந்தக்காரப் பொடியன் ஒருவன் இவருடைய போனுக்கு அனுப்பியிருந்தான். பின்னால் இசை, முன்னால் ஒருவன் அவசரப்பட்டுக் கதைக்கிறான்: சாதாரண வலிக்குளிசையால் வயிற்றுப் புற்றுநோய் குணமாகலாமாம், விஞ்ஞானிகள் கண்டுபிடித்துவிட்டார்களாம், மருந்துக் கம்பனிகள் மறைக்கிறார்களாம். இவர் அதை எத்தனை தடவை பார்த்தார் என்று அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். குசினிக்கு வந்து என் முகத்துக்கு நேரே போனைப் பிடித்தார்.

"பார். அதே குளிசை. உங்கட கடையில இருக்கிற அதே சாமான்."

"கண்டவன் நிண்டவன் சொல்றதையெல்லாம் பாக்காதீங்க."

"பொய்யெண்டு உனக்குத் தெரியுமா?"

தெரியாது. அதுதான் பிரச்சினை. பொய்யென்று அடித்துச் சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் நான் மருந்துக்கடையில் நிற்கிறவள். வருகிற போகிற கதை என் காதிலும் விழுந்திருக்கிறது. முழுப் பொய் இல்லை என்று எனக்குள்ளே ஒரு சந்தேகம் இருந்தது. "டொக்டரைக் கேப்பம்" என்றேன்.

கிளினிக் நாளில் மதினியை வெளியே கதிரையில் உட்காரவைத்துவிட்டு நாங்கள் இரண்டு பேரும் உள்ளே போனோம். சின்ன வயது டொக்டர், சிங்களவர், பொறுமையான பிள்ளை. இவர் சிங்களத்தில் கேட்டார். டொக்டர் சிரிக்கவில்லை, ஏசவும் இல்லை. கதிரையைப் பக்கத்தில் இழுத்துப் போட்டு விளக்கிச் சொன்னார். அது எதுவும் இல்லாத கதை இல்லை; சில புற்றுக்கள் அழற்சியோடு சேர்ந்தே வளர்கின்றன, இந்தக் குளிசைகள் அழற்சியைக் குறைப்பவை. அதனால் வயிற்றுப் புற்றுக்கும் இவற்றால் ஏதும் செய்ய முடியுமா, மற்ற மருந்துகளோடு சேர்த்தால் உதவுமா என்று ஆராய்கிறார்கள். நம்பிக்கை இருக்கிறது. ஆனால் வந்துவிட்ட ஒருவரைக் குணமாக்கும் என்று இன்னும் நிரூபிக்கவில்லை. இதே குளிசைதான் வயிற்றைப் புண்ணாக்குகிறது, இரத்தம் வரவைக்கிறது. உங்கள் அக்காவுக்கு இப்போது கொடுத்தால் நோய்க்கு முந்தி அதுவே ஆளைக் கொண்டு போய்விடும்.

வெளியே வந்ததும் இவர் என் கையைப் பிடித்தார். "கேட்டியா? உண்மையெண்டு டொக்டரே சொன்னார்."

"குடுக்கக்கூடாது எண்டும் சொன்னாரே! அது காதில விழல்லயா?"

"வேற என்ன தந்தார் அவர்? சொல்லு. வெட்டேலாது எண்டாங்க, மருந்து ஏத்தேலாது எண்டாங்க. வீட்ட கொண்டு போங்க எண்டா அதுக்கு என்ன அர்த்தம் எண்டு எனக்குத் தெரியாதா? சும்மா பாத்துக்கொண்டு இருக்கச் சொல்றியா?"

சும்மா பார்த்துக்கொண்டு இருப்பதைத் தவிர வேறு வழி இருந்தால் நான் சொல்லமாட்டேனா? மதினி கதிரையில் இருந்தபடி எங்களைப் பார்த்தார். "என்ன ரெண்டு பேரும் சண்டையா? காலையில இருந்து ஒண்டும் தின்னல்ல, அதுதான். போய்த் தேத்தண்ணி குடிச்சிட்டு வாங்க" என்றார்.

எங்கள் கடையில் துண்டு இல்லாமல் நான் கொடுக்கமாட்டேன் என்று தெரிந்து இவர் வேறெங்கோ போய் வாங்கிவந்துவிட்டார். எனக்குத் தெரிய ஒரு கிழமை ஆனது. அதையும் இவர் வாயாலேயே சொன்னார், ஒளிக்கவில்லை. முகமெல்லாம் வெளிச்சம். "ராத்தாவப் பாத்தியா? நேத்து எழும்பி வாசல் முத்தம் வரைக்கும் நடந்தா. கண்ணில களை வந்திருக்கு. குளிசை வேலை செய்யுது."

நடந்தது உண்மைதான். இரத்தம் ஏற்றினார்கள், வலிக்குப் பாணி கொடுத்தார்கள், அதனால் நடந்தார். இதை நான் எப்படி இவர் தலைக்குள் ஏற்றுவேன்? கத்தினேன், அழுதேன். இவர் சேட்டுப் பையில் கைவிட்டு ஒரு அட்டையை எடுத்துக் குப்பையில் எறிந்தேன். அடுத்த நாள் இன்னொன்று வந்தது. டொக்டருக்குப் போன் பண்ணி ஏச வைத்தேன். "ஓம் டொக்டர், சரி டொக்டர்" என்றார், மதினியின் தம்பி அல்லவா. விடியற்காலை ஸுபஹ் தொழுதுவிட்டு வந்து, வேலைக்கு வெளிக்கிட முன்னம், ஒரு குளிசையை உடைத்து ராத்தாவின் உள்ளங்கையில் வைத்து, தலையைத் தடவிவிட்டுத்தான் போவார்.

இவர் போன ஒரு காலையில் நான் பின்னறைக்குப் போனேன். மதினி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கை மூடியிருந்தது.

"மதினி, அதைப் போடாதீங்க. ரத்தம் வரும். உங்கட தம்பிக்கு விசர். எனக்கு இதெல்லாம் தெரியும், நான் சொல்றதக் கேளுங்க."

"ஓம் புள்ள."

"இந்த ஓம் எனக்கு வேணாம். போடமாட்டன் எண்டு சொல்லுங்க."

யன்னலுக்கு வெளியே அடுத்த வளவில் வெங்காயத்துக்குத் தண்ணீர் சுழன்று அடிக்கிற சத்தம் கேட்டது. மதினி சொன்னார்: "அவன் பிறந்ததில இருந்து எனக்கு ஒண்டும் தந்ததில்ல புள்ள. நான் தர விட்டதுமில்ல. இப்பத்தான் தாறான். வாங்காம எப்பிடி இருக்கிறது? அவன்ட முகத்தப் பாத்தியா நீ, தரக்குள்ள?"

மதினி யாரிடமாவது எதையாவது தனக்கென்று வாங்கியதை வாழ்க்கையில் அப்போதுதான் பார்க்கிறேன். அதுவும் இந்தச் சாமானையா வாங்க வேண்டும், யா அல்லாஹ்? கையைப் பிரித்துப் பிடுங்கியிருக்கலாம். அந்தக் கையைப் பிரிக்க என்னால் முடியவில்லை. "அவனுக்கிட்ட ஒண்டும் சொல்லாத. போய்ச் சாப்பிடு, கடைக்கு நேரமாகுது" என்றார்.

அன்றிலிருந்து கடையில் யாராவது அந்தக் குளிசையைக் கேட்டால் துண்டை இரண்டு தடவை வாசித்துப் பார்ப்பேன். முதுகுக்குப் பின்னால் இரண்டாம் தட்டில் வரிசையாக இருக்கிறது. "சாப்பாட்டுக்குப் பிறகு போடுங்க" என்று சொல்லிக் கொடுப்பேன். இது மருந்தா நஞ்சா என்று கேட்டால் ஆளைப் பொறுத்து என்றுதான் சொல்ல வேண்டும். நாளைக்கு ஒருநாள் இதையே புற்றுக்கும் எழுதிக் கொடுப்பார்களோ என்னவோ. அந்த நாளைக்கு மதினி இருக்கமாட்டார், அது எனக்குத் தெரிந்திருந்தது.

ஒரு முற்பகல் நேரம் கடைக்குப் போன் வந்தது. மதினி இரத்தம் சத்தியெடுக்கிறார் என்று பக்கத்து வீட்டுப் பிள்ளை அலறினாள். முச்சக்கரவண்டியில் போட்டுக்கொண்டு புத்தளம் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். தலை என் மடியில். துவாய் நனைந்து என் உடுப்பெல்லாம் நனைந்தது. பாலாவி தாண்டும்போது கண்ணைத் திறந்தார். "நீ சாப்பிட்டியா புள்ள?" என்று கேட்டார். நான் ஓம் என்றேன், சாப்பிடவில்லை. எனக்கும் அந்தப் பொய் வந்துவிட்டது. ஆஸ்பத்திரி வாசலுக்குப் போகும்போது மதினி இல்லை.

இவர் வேலைத்தளத்தில் இருந்து தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றார். இரத்தத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை, சத்தியமாகச் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது, இவருக்கே எல்லாம் விளங்கிவிட்டது. "நான்தான்" என்றார்.

இந்த நோயே இப்படித்தான் கடைசியில் இரத்தம் வரவைக்கும், குளிசை இல்லாமலும் வந்திருக்கும் என்று டொக்டர் எடுத்துச் சொன்னார். இவர் தலையை ஆட்டினார். ஜனாஸா அடக்கிவிட்டு வந்து மூலையில் உட்கார்ந்தவர்தான். சோறு போட்டால் பிசைந்து வைத்துவிட்டு எழும்பிவிடுவார். ஒருநாள் பள்ளியில் மௌலவியைப் பிடித்து, தெரியாமல் ஒரு உயிரைக் கொன்றவனுக்கு என்ன கடமை என்று கேட்டிருக்கிறார். மௌலவி பயந்துபோய் எனக்கு ஆள் அனுப்பினார். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். "அவ என்னை நம்பித்தானே வாயில போட்டா" என்று மட்டும் சொல்வார். முன்பு எதற்கும் வாய் திறந்து சண்டை பிடிக்கிற மனுசன், இப்போது நான் கத்தினாலும் திருப்பிக் கத்துவதில்லை. அதுதான் எனக்குப் பயம். இந்த மனுசனையும் இழந்துவிடுவேனோ என்று ஒவ்வொரு நாளும் வீட்டுக்கு ஓடிவருவேன்.

நாற்பதாம் நாள் கத்தத்துக்கு மாடு அறுத்துச் சமைத்தோம். ஆண்கள் முன்பக்கம் ஓதிக்கொண்டிருந்தார்கள். தலவில அக்கா பின்வாசலால் வந்தார், கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு பைக்குள் இருந்து ஒரு பவுடர் டின்னை எடுத்தார்.

"தங்கச்சி, கேக்க வெக்கமாத்தான் இருக்கு. நீங்க மருந்துக்கடையிலதானே. இதுமாதிரிக் குளிசை எங்க வாங்கலாம்? முடியப் போகுது."

மூடியைத் திறந்தார். உள்ளே பாதி பாதியாக உடைத்த குளிசைகள். எனக்குத் தெரியாத குளிசையா அது?

"இது... யார் தந்த?"

"உங்கட மதினிதான். நான் ஞாயித்துக்கிழம பூசை முடிஞ்சு வந்து பாப்பன்தானே, ஒவ்வொரு முறையும் சேத்து வச்சுத் தருவா. உனக்கு முழங்கால், எனக்கு இது தேவைப்படாது, நீ போடு எண்டுவா. எங்கட அன்னம்மா திருநாளுக்கு முழு நாளும் நிண்டன் தங்கச்சி, வலி தெரியல்ல."

"அவ போடல்லயா? ஒண்டாவது?"

"எங்க போட்டா! நானும் கேட்டன், உங்கட தம்பி ஆசையாத் தாறத எனக்குத் தாறீங்களே எண்டு. அதுக்கு, தம்பிட பொஞ்சாதி போடவேணாம் எண்டுட்டா, அவளுக்கு மருந்தெல்லாம் தெரியும், அவ சொன்னா நான் கேக்கோணும் எண்டா. ஒண்டுகூடப் போடல்ல, சத்தியமா."

அந்த 'ஓம்' உண்மையான ஓம். வாழ்நாளிலேயே ஒரே ஒரு தடவை மதினி என் பேச்சைக் கேட்டிருக்கிறார். தம்பி மனமும் நோகாமல், என் சொல்லும் தட்டாமல், நோய்ப்படுக்கையில் கிடந்துகொண்டு அதையும் அடுத்தவளுக்குப் பங்கு வைத்திருக்கிறார்! அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. டின்னை வாங்கிக்கொண்டு ஓடினேன்.

இவரை முன்பக்கத்தில் இருந்து கூப்பிட்டுக் குசினிக்குள் கொண்டுவந்து கவிழ்த்து வைத்த சட்டியில் உட்காரவைத்தேன். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். டின்னைத் திறந்து காட்டினேன். "நீங்க உடைச்ச குளிசைதானே? பாருங்க, நல்லாப் பாருங்க. அவ போடவே இல்ல. நான் சொன்னதக் கேட்டிருக்கிறா. நீங்க ஒண்டும் செய்யல்ல. விளங்குதா?"

இவர் ஒரு பாதியை எடுத்து விரல்களுக்கிடையில் வைத்துப் பார்த்தார். "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். மறுபடியும் "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லி முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். "கள்ளி. கடைசியிலயும் ஏமாத்திட்டா என்னை" என்று அழுதுகொண்டே சிரித்தார். எனக்கும் அடக்க முடியவில்லை. இத்தனை நாளைக்குப் பிறகு அந்தச் சிரிப்பைக் கேட்கிறேன்.

இதுதான் நேரம் என்று சஹனுக்குப் போக இருந்த சோற்றில் கொஞ்சத்தை ஒரு கோப்பையில் போட்டு, இறைச்சியை நானே பிய்த்து முன்னால் வைத்தேன். மறுக்கவில்லை. பிஸ்மி சொல்லி ஒரு வாய் தின்றார். இரண்டாம் வாயும் தின்றார். நான் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் வாய்க்கு எடுத்த சோறு கையிலேயே நின்றது. இவர் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார்.

"அப்ப," என்றார், "போட்டிருந்தா பிழைச்சிருப்பாவா?"

முன்பக்கத்தில் துஆ முடிந்து எல்லாரும் ஆமீன் சொல்வது கேட்டது. இல்லை என்று ஒரே சொல்லில் முடித்திருக்கலாம். டொக்டர் சொன்னது முழுதும் மனப்பாடம். ஆராய்கிறார்கள், நம்பிக்கை இருக்கிறது, நிரூபிக்கவில்லை. எனக்குத் தெரியாது. என் சொல்லைக் கேட்டுத்தான் மதினி போடவில்லை என்பது மட்டும் தெரியும். இவர் பார்வையை எடுக்கவில்லை, பதிலுக்குக் காத்திருந்தார்.

"தின்னுங்க" என்றேன். "சோறு ஆறுது."